மீதி ஒன்று

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன மறுநாள் காலை, கணவரின் கணக்கு நோட்டை டிரங்குப் பெட்டியில் வைக்க எடுத்தபோது, அது தான் மூடிவைத்ததைவிடக் கொஞ்சம் தடித்திருப்பதாகக் கோமதித்தாய்க்குப் பட்டது. எழுதிய தாள் எழுதாத தாளைவிட விறைப்பாக, சற்றே உப்பி இருக்கும். மூன்று வருஷமாக அந்த நோட்டுகளைத் தூசி தட்டி அடுக்கியவளுக்கு அது விரல்நுனியிலேயே தெரியும்.

சண்முகையா கடைசியாக எழுதிய வரி எது என்பதும் அவளுக்குத் தெரியும். டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. காபியோடு போனாள். அவர் மேஜையில் கவிழ்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக் களைப்பு, தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள். தோளைத் தொட்டுத் தலையை நிமிர்த்தியபோது, ஈர மையில் எழுதியிருந்த எண் அவர் இடது கன்னத்தில் இடம் வலமாக மாறிப் பதிந்திருந்தது. 65536. மறுநாள் குளிப்பாட்டும்போது மஞ்சள் தேய்த்தும் அந்த மை முழுதாகப் போகவில்லை. மங்கலாகத் தெரிந்த எண்ணோடுதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த எண்தான் பக்கத்தின் கடைசி வரி. எதிர்ப்பக்கம் அன்று வெள்ளையாக இருந்தது. அவர் வாயோரம் வழிந்த ஈரம் அதில் ஒரு ரூபாய்க் காசளவு வட்டமாக ஊறியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

இப்போது அந்தப் பக்கம் முழுக்க எண்கள் இருந்தன. காய்ந்த கறையின் மேலும் இருந்தன. அதற்கடுத்த பக்கத்திலும், அதற்கடுத்ததிலும். மொத்தம் பதினைந்து பக்கம். ஒன்பதின் வால் கொக்கியாக வளைந்திருந்தது. ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு இருந்தது. அவர் கையெழுத்தேதான். பக்கத் தலைப்பில் 2.12.86 தொடங்கி 16.12.86 வரை தேதி.

முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். சாவு விழுந்த வீட்டில் எந்தக் காரணமும் போதுமானதாக இருக்கிறது. நோட்டை அவருடைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அந்தக் கணக்கை அவர் தொடங்கியது இந்த வீட்டுக்கு வந்த அன்று. எண்பத்து நான்கு பிப்ரவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் நிறைந்த தெருவில் வாடகை வீடு. கரிவலம்வந்தநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வரத் தோதாக இருந்தது. காலையில் பால் காய்ச்சினார்கள். சாயங்காலம் அவர் பதினொரு பெரிய நோட்டுகளை மேஜையில் அடுக்கிவைத்து, முதல் நோட்டைப் பிரித்து 'ஒன்று' என்று எழுதினார். பக்கத்தில் இருந்த துண்டுத் தாளில் 65537-க்கு வாய்ப்பாடு போட்டிருந்தார்.

"என்னங்க இது, பொம்பளை பேரை எழுதுத மாதிரி ஆசையா எழுதுதீங்க?"

"பகா எண்ணுட்டி. தன்னையும் ஒண்ணையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. ரெண்டைப் பதினாறு தடவை போட்டுப் பெருக்கி ஒண்ணைக் கூட்டினா இது வரும். இப்போ ஒண்ணை இதால வகுக்கப் போறேன்."

"ஒண்ணை எப்பிடி வகுக்க? அதுவே ஒண்ணுதான இருக்கு."

"சைபர் சேத்துச் சேத்து வகுக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு மீதி வரும். எனக்கு ஒரு நம்பர் சொல்லு, அறுபத்தஞ்சாயிரத்துக்குள்ள."

"நூத்தி எட்டு."

"அது ஒரு நாள் இதுல மீதியா வந்து நிக்கும். ஒரே ஒரு தடவை. ஒரு நம்பர்கூட விட்டுப்போகாது, ஒரு நம்பர்கூட ரெண்டாந்தடவை வராது. அம்புட்டும் வந்து தீந்த பெறகுதான் கடைசியா ஒண்ணு வரும்."

"வந்தா?"

"வந்தா மறுபடி மொதல்லருந்து. அச்சுப் பெசகாம அதேதான்."

"இதைப் போட்டு முடிக்க எத்தனை நாளு?"

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி. ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு நாளு. அஞ்சு வருசம் ஏழு மாசம்."

"நல்ல வேளை, குடிப்பழக்கம் இல்லைன்னு எங்க ஐயா சந்தோசப்பட்டாரு" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் பேனா நழுவி, அந்த முதல் பக்கத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அன்றைய நாளைப் பற்றி ஒரு வரி எழுதுவார். முதல் பக்கத்தில் 'பால் காய்ச்சினோம்'. எழுபத்தைந்தாம் பக்கத்தில் 'முருங்கைக் கொம்பு நட்டோம்'. இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் 'அம்மா சிவகிரியிலிருந்து வந்துவிட்டாள்'. நானூறாம் பக்கத்தில், 17.3.85 தேதியிட்டு, எழுத்து கொஞ்சம் நடுங்கி, 'மகள் பிறந்தாள்'. மகளின் பிறந்த தேதியைச் சேர்த்து எழுதினால் 17385. அது இதுவரை மீதியாக வந்திருக்கிறதா என்று அன்றைக்கே நானூறு பக்கமும் புரட்டித் தேடினார். வரவில்லை. அதன்பிறகு அது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. தினமும் அவர் பேனாவை மூடும்போது அவள் கேட்பாள், "பூமாரி நம்பர் வந்துட்டா?" அவர் சொல்வார், "இன்னும் வரலை. ஒளிஞ்சு உக்காந்திருக்கா கழுதை."

கடைசி நாள் வரை வரவில்லை.

தெருவில் பகலிலும் ராத்திரியிலும் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் சுவருக்குள்ளும் பாத்திரங்களுக்குள்ளும் குழந்தையின் உறக்கத்துக்குள்ளும் புகுந்து, கொஞ்ச நாளில் சத்தம் என்றே தோன்றாமல் போய்விடும். கரண்ட் போனால்தான் தெரியும். அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நின்று, காதுக்குள் பஞ்சை அடைத்தாற்போல ஒரு அமைதி விழும். ஜனவரியில் ஒரு சாயங்காலம் அப்படிக் கரண்ட் போனபோது, மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுத்துத் திரியைத் தூண்டப்போன கோமதித்தாய் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தாளில் மைப்பேனாவின் நிப்பு கீறும் சத்தம். கொஞ்சம் எழுதி, நின்று, யோசித்து, மறுபடி எழுதுகிற சத்தம். பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து வந்தது. கூடவே ஈர மையின் வாடை.

அவள் அசையவில்லை. விளக்குத் திரியைப் பற்றியிருந்த விரல்கள் அப்படியே இருந்தன. கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. அந்தச் சத்தம் மூழ்கிப்போனது. நிற்கவில்லை, மூழ்கித்தான் போனது என்று அவளுக்குத் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எந்தத் தோஷத்தையும் போக்கும் என்று கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்து, தண்ணீரில் குழைத்து, நோட்டின் வெள்ளைப் பக்கங்களில் பூசிக் காயவைத்தாள். மறுநாள் பார்த்தபோது, காய்ந்த மண்ணைக் கீறிக்கொண்டு எண்கள் இருந்தன.

பிப்ரவரி பதினான்காம் தேதி, காற்றே இல்லாத மத்தியானத்தில், கொல்லையில் முருங்கைமரம் அடியோடு முறிந்து விழுந்தது. முருங்கை எப்போதும் முறியக்கூடியதுதான். அதை வெட்டி விறகுக்குப் போட்டார்கள்.

சித்திரையில் சுந்தரராஜ் சார் வந்தார். குருவிகுளத்துக்காரர், சண்முகையாவோடு அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, முதல் நோட்டையும் ஆறாம் நோட்டையும் எடுத்து முன்னால் வைத்தாள். அவர் புரட்டினார். முதலில் புன்னகையோடு. பிறகு ஆறாம் நோட்டின் தேதிகளைப் பார்த்தார்.

"இது... யாரு மதினி எழுதுதா?"

"தெரியலை சார். சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்குக் கண்ணாடிக்குள் இறங்கியது.

"ஒரு இடத்துலகூடத் தப்பில்லை. இங்கன பாருங்க. மொத நோட்டுல மொத வரி ஈவு சைபர். சாருக்குப் பெறகு எழுதுனதுல மொத வரி ஒம்பது. அடுத்தது சைபர், இங்கன ஒம்பது. அஞ்சாவது வரி ஒண்ணு, இங்கன எட்டு. பெறகு அஞ்சு, இதுல நாலு. ரெண்டு, இதுல ஏழு. எதைக் கூட்டினாலும் ஒம்பதுதான் வரும். மீதியும் அப்பிடித்தான், ரெண்டையும் கூட்டினா அந்தப் பகா எண்ணே வந்து நிக்கும்." விரல் எண்களின் மேல் ஊர்ந்தது. "பாதி தாண்டிட்டா அது வந்த வழியை ஒவ்வொண்ணா நேர் பண்ணிட்டே போகும் மதினி. மொதப் பாதில ஒரு பக்கத்துல என்ன இருக்கோ, ஆயிரத்து இருபத்துநாலு பக்கம் தள்ளி அதைக் கழிச்சுரும்."

"எரிச்சுட்டா?"

அவர் காபியைத் தொடவே இல்லை. "எரிச்சு என்ன செய்ய? இது எழுதித்தான் ஆகணும்னு இல்லை. மொத வரில ஒண்ணுன்னு போட்டாரு பாத்தீங்களா, அன்னைக்கே அம்புட்டும் முடிவாயிட்டு. எழுதினாலும் எழுதாட்டாலும் அது அங்கனதான் இருக்கு."

அவர் போனபிறகு அவள் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டாங் கிளாஸ் வரை படித்தவள், கூட்டல் தெரியும். 'பால் காய்ச்சினோம்' என்ற பக்கத்திலிருந்து ஆயிரத்து இருபத்துநான்கு நாள் தள்ளி, டிசம்பர் இரண்டு. வீட்டுக்கு வந்தவரை வெளியே தூக்கிப்போன நாள். 'முருங்கைக் கொம்பு நட்டோம்' என்ற பக்கத்திலிருந்து, பிப்ரவரி பதினான்கு. 'அம்மா வந்துவிட்டாள்' என்பதிலிருந்து, வரப்போகிற ஜூன் இருபத்தொன்பது.

அதற்கு மேல் எண்ணவேண்டாம் என்று நினைத்தாள். எண்ணினாள். மூன்று தடவை எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் ஒரே தேதிதான் வந்தது. 5.1.88.

பாயில் பூமாரி தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை விரிந்து, அதில் ஒரு புளியமுத்து இருந்தது.

மாமியார் மாடத்தியை ஜூன் மாதக் கடைசியில் சிவகிரிக்கே அனுப்பிவிடத் தீர்மானித்தாள். இந்த வீட்டில் இல்லாவிட்டால் இந்த வீட்டுக் கணக்கு என்ன செய்யும்?

"ஏட்டி, மகன் போயி ஏழு மாசம் ஆகலை, அதுக்குள்ள என்னைத் துரத்தப் பாக்கியா?" என்றாள் மாடத்தி.

"துரத்தலை அத்தை. பத்து நாள் இருந்துட்டு வாங்க. பெறகு நானே வந்து கூட்டிட்டு வாரேன்."

"ஒன் சோத்தை நான் என்ன கொள்ளையா அடிச்சேன்? எம் பேத்தி மொகத்தைப் பாத்துட்டுக் கெடக்கேன்."

காரணத்தைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் பைத்தியம் என்பாள். ஒருவேளை நம்பிவிட்டால் அது அதைவிட மோசம். இருபத்தேழாம் தேதி அவளே பஸ் ஏற்றிவிட்டாள். மாடத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, பேத்தியைப் பார்த்துக் கையசைத்தாள், மருமகளைப் பார்க்காமல். இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் தந்தி வந்தது. தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்தாளாம். துரத்தப்பட்டவளாகவே செத்துப்போனாள். அன்று ராத்திரி சிவகிரியில், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, எங்கோ பன்னிரண்டு மைலுக்கு அப்பால் நிப்பு கீறுவது கோமதித்தாய்க்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் வந்து கூப்பிட்டாள். நாலு தறி போட்டிருக்கும் வீட்டுக்காரி, வாயைத் திறந்தால் தறியைவிட வேகமாக ஓடும்.

"ஏ பிள்ள, இப்பிடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு இருப்பே? வா, ஆடிச்சுத்து சுத்துவோம். ஆத்தா ஒத்தக்கால்ல நிக்கா. நாம சுத்தச் சுத்த அவ கால்வலி கொறையும், நம்ம வலியை அவ பாத்துக்கிடுவா."

நூற்றெட்டுச் சுற்று. மடியில் நூற்றெட்டுப் புளியமுத்தைக் கட்டிக்கொண்டு, கிழக்கு வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒன்றைக் கீழே போடவேண்டும். முதல் நாற்பது சுற்று வரை அவள் பூமாரியின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தாள். வெந்த கல்லில் கால் பொரிந்தது. பூவும் விபூதியும் வேர்வையும் கலந்த வாடையில், முன்னால் போகிறவர்களின் முதுகுகளே திரும்பத் திரும்ப வந்தன. அறுபதாவது சுற்றில் தலை கிறுகிறுத்தது. தெற்குப் பக்கம் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியவில்லை.

"இங்கனயே சேந்துக்கிடட்டுமா அக்கா? இல்ல வாசல்லருந்து ஏறணுமா?"

"எங்கன ஏறினா என்னட்டி? எல்லாம் ஒரே சுத்துதான். எங்கன காலை வச்சாலும் அந்த வாசலுக்குத்தான் போய்ச் சேருவே."

முப்பிடாதியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த வெயிலில் கோமதித்தாய்க்கு உடம்பு குளிர்ந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

நாட்கள் வேறு எங்கும் போகாமல் அந்தத் தேதியை நோக்கியே போயின. பூமாரிக்குப் பேச்சு வந்து கொட்டியது. கதவோடு பேசினாள், எறும்போடு பேசினாள். எண்ணிக்கை பழகினாள். மூன்றை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாள். "ஒண்ணு, லெண்டு, நாலு." கோமதித்தாய் அவளைக் கண்மறைவில் விடுவதில்லை. கிணற்றுக்கு மூடி போட்டாள். நாய் வந்தால் கல்லெறிந்தாள். இருமினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் பிள்ளையைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தார்.

மார்கழியில் பஸ் ஸ்டாண்டில் சுந்தரராஜ் சாரைப் பிடித்தாள்.

"சார், நடுவுல ஒரு மீதியைத் தப்பாப் போட்டுட்டா என்னாகும்?"

அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "மாறிரும் மதினி. அதுக்குப் பெறகு வாரதெல்லாம் வேற எண்ணா இருக்கும். ஆனா எங்கன போயி விழும்னு சொல்ல முடியாது. வட்டம் ஒண்ணுதான்..."

முதல் வார்த்தையை மட்டும் அவள் கையோடு கொண்டுவந்தாள். மாறிரும்.

ஜனவரி நான்காம் தேதி, திங்கட்கிழமை. சாயங்காலம் ஆறரைக்கே இருட்டிவிட்டது. பனி இறங்கும் வாடையும், தெருவில் யாரோ எரித்த நூல் கழிவின் கரிந்த வாடையும் ஜன்னல் வழியே வந்தன. எட்டாம் நோட்டை மேஜையில் விரித்துவைத்தாள். அவருடைய பேனாவில் மை நிரப்பினாள். நாளைய பக்கம் நானூறாம் பக்கத்தைக் கழிக்கும் பக்கம். இன்றைக்கு ஒரே ஒரு வரி தப்பிவிட்டால், நாளைக்கு அந்தப் பக்கம் வராது. வேறு ஏதோ எண்கள் வரும், யாருக்கும் சொந்தமில்லாத எண்கள். எந்த எண்ணை எழுதுவது என்று பல நாள் யோசித்திருந்தாள். ஏற்கெனவே வந்துபோன எண்ணை எழுதப் பயமாக இருந்தது. அந்த எண்களெல்லாம் ஏதோ ஒரு நாளுக்குச் சொந்தம். இன்னும் வராத எண் என்று அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான். இத்தனை பக்கத்திலும் இன்றுவரை அது வரவில்லை. தினமும் தேடியிருக்கிறாள்.

பூமாரி மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எம்மா, என்ன எழுதுதே?"

"கணக்கு, மக்கா."

"நானும் எழுதுதேன். ஒண்ணு. லெண்டு. நாலு."

கரண்ட் போனது. தெரு செத்தது.

மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முதல் வரியில், எண் வந்தது. எழுதும் கை இல்லை. சுவரில் ஈரம் ஏறுவதுபோலத் தாளுக்கு அடியிலிருந்து மை ஊறி வந்தது. நிப்பின் சத்தம் மட்டும் மேலே, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், கீறிக்கொண்டிருந்தது. அவள் பேனாவைத் தூக்கினாள். கை இறங்கவில்லை. ஐந்தாம் வரி. பத்தாம் வரி. கட்டை விரல் நகம் வெளுக்கப் பேனாவைப் பிடித்திருந்தாள், கை இறங்கவில்லை. இருபது. கன்னத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. காபி வாடை. மூன்று வருஷம் பக்கத்தில் படுத்தவரின் தலையெண்ணெய் வாடை. இருபத்தாறு.

இருபத்தேழாவது வரியில் மீதி ஊறத் தொடங்கியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு, அதன் மேல் அழுத்திக் கோடு கிழித்துப் பக்கத்தில் எழுதினாள்.

17385.

நிப்பின் சத்தம் நின்றது.

நின்றேவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பத்து. இருபது. தாள் அசையவில்லை. விளக்கு அசையவில்லை. காலருகே பூமாரி, "ஒண்ணு, லெண்டு, நாலு" என்றாள். கோமதித்தாய்க்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு அழுகை வந்தது. குனிந்து பிள்ளையின் தலையைத் தொட்டாள்.

சத்தம் மறுபடி தொடங்கியது. யோசிக்காமல். நிற்காமல். வழி தெரிந்தவன் நடப்பதுபோல.

2. மீதி 42776.

"ஒண்ணு, லெ..." பூமாரியின் வாய் திறந்தபடி நின்றது. மறுபடி முயன்றாள். "ங்..." என்றாள். "ங்ங..." வேறு சத்தம் வரவில்லை. அம்மாவை வியப்போடு பார்த்தாள்.

6. மீதி 34538.

மேஜைக் காலைப் பிடித்திருந்த கை நழுவியது. முழங்கால்கள் மடங்கின. நடக்கவே தெரியாதவள்போலத் தரையில் உட்கார்ந்தாள். கோமதித்தாய் அவளை வாரி மடியில் வைத்துக்கொண்டாள்.

5. மீதி 17695.

கழுத்து நிற்கவில்லை. தலை இங்கும் அங்கும் துவண்டது. ஒரு கையால் தலையைத் தாங்கி, மறுகையால் அவள் தாளை அடித்தாள். எண்ணின் மேல் எண் எழுதினாள். தன் பெயரை எழுதினாள். வேண்டாம் என்று எழுதினாள். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, அவள் கிறுக்கலைத் தள்ளிக்கொண்டு, மை ஊறியது.

2. மீதி 45876.

பூமாரியின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தன. பிறந்த அன்று பார்த்ததுபோல. கைகள் இரண்டும் சின்ன முட்டிகளாக மூடிக்கொண்டன.

கடைசி வரி. ஒரே ஒரு வரி. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எங்கன காலை வச்சாலும். எந்த எண்ணை எழுதியிருந்தாலும் கடைசியில் அந்த ஒன்றுக்குத்தான். ஆனால் இந்த எண் ஒளிந்திருந்தது வாசலுக்கு ஐந்தடி முன்னால்.

தாளைக் கிழித்தாள். கிழிந்தது. கிழிந்த இரண்டு துண்டிலும் எழுதியது.

7.

"என்னங்க" என்றாள். "நம்ம பிள்ளை. விட்டுருங்க."

கை தளர்ந்தது. பிள்ளையின் தலை அவள் பிடியிலிருந்து சரிந்து, கன்னம் தாளில் படிந்தது. அப்படியே இருந்தது.

நிப்பின் சத்தம் பிள்ளையின் கன்னத்துக்கு அடியிலிருந்து வந்தது. ஒரே கீறல். மேலிருந்து கீழாக.

அதன்பிறகு அந்த அறையில் மூச்சு விட்டது ஒருத்தி மட்டும்தான்.

தலையைத் தூக்கினாள். இடது கன்னத்தில் ஈர மையில் ஒரு கோடு இருந்தது. நேராக. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாத எண்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. கரண்ட் வரவில்லை. தறிகள் ஓடவில்லை. நோட்டின் அடுத்த பக்கம் தானாகப் புரண்டது. தலைப்பில் தேதி ஊறி வந்தது. 12.2.84. முதல் வரி, ஈவு சைபர். அடுத்த வரி, சைபர். அதே இடத்தில், அதே அளவில், ஒரு மைப்பொட்டு. ஓரத்தில், கொக்கி வளைந்த அந்தக் கையெழுத்தில், மூன்றாண்டுகளாகப் பழகிய நிதானத்தோடு, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

அடுப்பு மூட்டாத அடுக்களையிலிருந்து பால் பொங்கும் வாடை வந்தது. பொங்கி, விளிம்பில் வழிந்து, நெருப்பில் விழுந்து சீறும் சத்தம் கேட்டது.

"கோமதி" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டது அவர் குரல். "வந்து பாரேன்."

மடியில் பூமாரி குளிர்ந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் மை இன்னும் காயவில்லை.